துறுதுறு பையனுக்கு நாய் வாத்தியார்!

"பையனா இது? வாலில்லாத குரங்கு!"

கோவில்பட்டித் தெருக்களில் தாய்மார்கள் இப்படிச் சலித்துக்கொள்வதுண்டு. பையன் ஓரிடத்தில் உட்காரமாட்டான். கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். கோலி ஆட்டத்தில் தன் முறை வரும்வரை பொறுக்கமாட்டான். ஆகவே மற்றப் பிள்ளைகள் அவனைச் சேர்ப்பதில்லை. பள்ளியில் அடி, வீட்டில் வசவு!

குறும்புக்காரப் பிள்ளைகள் எல்லோருமே நோயாளிகள் அல்ல. ஆனால் சிலருக்கு மூளை வளர்ச்சியில் உள்ள மாறுதலே இதற்குக் காரணம். இதை டாக்டர்கள் 'ஏ.டி.எச்.டி.' என்கிறார்கள். கவனக் குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் இதன் அடையாளங்கள். அடித்தால் இது போகாது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பிறரோடு பழகக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு நாயையே துணை வாத்தியாராக வைத்தால் என்ன?

ஜிங்கிள்ஸ் செய்த வேலை

நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற மனநல நிபுணர் இருந்தார். ஒருநாள், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். நிபுணரின் நாய் ஜிங்கிள்ஸ் அங்கே இருந்தது. ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. பையன் பயப்படவில்லை, கட்டிக்கொண்டான்! மறுபடி வந்து நாயோடு விளையாடினான். பிறகு நிபுணரோடும் பழகினான். 1962-ல் லெவின்சன் இதைப் பற்றி எழுதியபோது, நாயாவது வைத்தியம் பார்ப்பதாவது என்று சிரித்தவர்களும் உண்டு.

கலிபோர்னியாவில், இர்வைன் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 7 முதல் 9 வயதுள்ள 88 பிள்ளைகள், மருந்து சாப்பிடாதவர்கள். இரு பிரிவினருக்கும் 12 வாரம் ஒரே பயிற்சி. ஒரு பிரிவில் மட்டும் பழக்கிய நாய்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினருமே தேறினார்கள். ஆனால் நாயோடு பயின்றவர்களுக்கு எட்டாவது வாரத்திலேயே கவனமும் பழகும் திறமையும் கூடுதலாகத் தெரிந்தன.

துறுதுறுப்பு? அதில் நாய் எதுவும் கூடுதலாகச் சாதிக்கவில்லை.

எப்படி நடக்கிறது இது? "உட்கார்" என்று பத்துத் தடவை கத்தினால் நாய் குழம்பும். ஒரே தடவை தெளிவாகச் சொல்லவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும். உட்கார்ந்ததும் தட்டிக்கொடுக்கவேண்டும். பேசுவது, பொறுப்பது, பாராட்டுவது மூன்றும் அங்கேயே பாடமாகிவிடுகின்றன! தப்புச் செய்தாலும் நாய் கேலி செய்யாது.

நம் சிப்பிப்பாறை?

சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பு, 'டாக்டர் டாக்' என்ற பெயரில் சாதுவான நாய்களைப் பிள்ளைகளிடம் அழைத்துச் சென்றதுண்டு.

நம் கரிசல் காட்டு நாய்கள் கன்னியும் சிப்பிப்பாறையும். ஒட்டிய வயிறு, நீண்ட கால், காற்றாய்ப் பறக்கும் ஓட்டம்! ஒரு காலத்தில் முயல் வேட்டைக்குப் போனவை. வேட்டை இன்று குற்றம். வீட்டாரிடம் உயிரை விடும். அந்நியரை எளிதில் அண்டவிடாது. காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும் நாய்தான் பயிற்சி அறைக்கு ஏற்றது. ஆகவே சிப்பிப்பாறையை அங்கே அனுப்பத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் வளர்ந்த நாயென்றால் கதை வேறு. வேளைக்குச் சோறு வைப்பது, தண்ணீர் மாற்றுவது, உடம்பு தேய்ப்பது ஆகியவற்றைப் பையனிடம் விடலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. நாய் பல் பட்டாலோ, நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

நாய் வாங்கிக் கட்டிவிட்டால் வைத்தியம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பையனை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கோவில்பட்டிக்காரர்களுக்குத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வாத்தியாரையும் ஒரு தடவை பார்த்துப் பேசிவிட்டுப் போவது நல்லது. பையன் வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.