ஹெவி மெட்டலுக்கு எந்தக் கிடார்? விற்பவரும் வாங்குபவரும் கேட்க வேண்டிய கேள்வி

"அரிசி வேண்டும்" என்று ஒருவர் கடைக்கு வந்து நின்றால் நாம் உடனே மூட்டையை அவிழ்ப்பதில்லை. "சாப்பாட்டுக்கா, இட்லிக்கா, பலகாரத்துக்கா?" என்று கேட்கிறோம். இட்லிக்குக் கேட்டவருக்குப் பிரியாணி அரிசியை அளந்து கொடுத்தால், அரிசி எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் மறுநாள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இந்த ஒரு கேள்வியில்தான் நமது தொழிலே நிற்கிறது. ஊருக்கெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கும் நாம், சொந்த வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது அதை மறந்து கையைச் சுட்டுக்கொண்டோம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே விஷயத்துக்குப் போகிறோம்.

நமது இளைய மகன் பிளஸ் டூ முடித்த கையோடு எலெக்ட்ரிக் கிடார் கேட்டான். "ஹெவி மெட்டல் வாசிக்க வேண்டும்" என்றும் சொன்னான். அந்தப் பெயர் நம் காதில் விழுந்ததே தவிர மனதில் பதியவில்லை. ஒரு கடைக்குப் போனோம். இருப்பதிலேயே பளபளப்பான ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். நிறத்தைப் புகழ்ந்தார், மெருகைப் புகழ்ந்தார். என்ன வாசிக்கப் போகிறான் என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பேரம் பேசி விலையைக் குறைத்து, உறையையும் இலவசமாக வாங்கிக்கொண்டு வெற்றிப் பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். நான்கு மாதத்தில் கிடார் பரண் மேல் ஏறிவிட்டது. பையன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விலை தெரிந்த வியாபாரி மகன். அவன் சொல்லாமல் இருந்ததுதான் நமக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகே விசாரித்தோம், படித்தோம். தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், இசைக்கருவி விற்கும் அங்கத்தினர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் பயன்படும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணக் கிடாரில் மரப்பெட்டி ஒலியைப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிடாரில் பெரும்பாலும் பெட்டியே இல்லை, கட்டை மரம்தான். கம்பிகளுக்கு அடியில் சீப்பு அளவில் ஒரு சிறு பொருள் பதித்திருக்கும். அதற்குப் பெயர் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தை ஆம்ப்ளிபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. ஆகவே கிடாரின் குரலைத் தீர்மானிப்பதில் பிக்கப்புக்கு உள்ள பங்கு மெருகுக்கும் நிறத்துக்கும் இல்லை.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு குறை உண்டு. கம்பியின் அதிர்வை வாங்குவதுபோலவே சுற்றியுள்ள மின்சார ஒயர்களின் "ம்ம்ம்" என்ற இரைச்சலையும் அது வாங்கிவிடும். மெல்லிசை வாசித்தால் அது பெரிதாகத் தெரியாது. ஹெவி மெட்டலில் ஆம்ப்ளிபயரை முறுக்கி ஒலியை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். அதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். அப்போது நல்லதோடு சேர்ந்து கெட்டதும் பல மடங்கு பெருகும். நாம் வாங்கிய கிடாரில் இருந்தவை மூன்று ஒற்றைச் சுருள்கள். பையன் கையை எடுத்தால் போதும், வீட்டில் தேனீக்கூடு கலைந்தது போலிருக்கும்.

இதற்கு மருந்து 1955-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் கிப்சன் கம்பெனியில் பொறியாளராக இருந்த சேத் லவர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்தது. கம்பியின் ஒலி இரண்டும் கூடிப் பலத்தது. இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1957 முதல் கிப்சன் கிடார்களில் இது ஏறியது. சேத் லவர் தேடியது அமைதியைத்தான். அவர் கொடுத்த கூடுதல் பலம் பின்னாளில் இத்தனை பெரிய முழக்கத்துக்கு வழி வகுத்தது.

பர்மிங்காம் தொழிற்சாலைப் பையன்

ஹெவி மெட்டல் பிறந்த இடம் இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காம். அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். 1965-ல் வேலையை விட்டுப் போகும் கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவன் இடது கைப் பழக்கக்காரன். ஆகவே கிடாரின் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. பையன் எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். மேலே தோல் ஒட்டினான். தடித்த கம்பியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய கிடார் கம்பி கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோ என்ற வேறொரு கருவியின் கம்பியை வாங்கி மாட்டினான். பின்னர் கம்பியின் இறுக்கத்தையே தளர்த்தினான். இறுக்கம் குறைந்ததும் சுருதி இறங்கியது. சுருதி இறங்கியதும் ஒலி கனத்தது.

அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்தது. 1971-ல் வந்த மூன்றாவது தட்டின் சில பாடல்களில் மூன்று அரைச் சுருதி இறக்கி வாசித்தார். இன்று ஹெவி மெட்டலின் அடையாளமாகிவிட்ட அந்தக் கனம், ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது. 2025 ஜூலையில் அதே பர்மிங்காமில் அந்தக் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. அயோமி அதிலும் வாசித்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவது நியாயம். அந்த முதல் தட்டின் பெரும்பகுதியை அவர் வாசித்தது ஹம்பக்கரில் அல்ல, பி-90 என்ற கனத்த ஒற்றைச் சுருளில். ஆகவே ஹம்பக்கர் சட்டமல்ல, சௌகரியம். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்தச் சௌகரியம் மிக அவசியம்.

சொன்னதைக் கேட்ட கடைக்காரர்

நம்மைப் போன்ற ஒரு சில்லறை வியாபாரியின் கதை இது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எர்னி பால் என்பவர் கிடார் மட்டுமே விற்கும் ஒரு சிறு கடை வைத்தார். பழக வரும் பிள்ளைகளுக்கு மூன்றாவது கம்பி தடிமனாக இருந்து விரல் நோவதைக் கவனித்தார். பிரபல ஃபெண்டர் கம்பெனியிடம் மெல்லிய கம்பி செய்து தரக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, வேறொரு கம்பி உற்பத்தியாளரிடம் தனியாகச் சொல்லிச் செய்வித்து, 1962-ல் ஸ்லிங்கி என்ற பெயரில் தன் கடையிலேயே விற்றார். உதிரிக் கம்பிகளையும் தடிமன் வாரியாக வைத்து, வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்ளச் செய்தார். பெரிய கம்பெனி கேட்க மறுத்ததைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் கேட்டார். இன்று அந்தக் கம்பிகள் போகாத நாடு குறைவு.

பிக்கப்பிலும் இதே கதைதான். 1972-ல் லாரி டிமார்சியோ என்பவர் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைத் தனியாக விற்கத் தொடங்கினார். முழுக் கிடாரையும் மாற்றாமல், அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதிகச் சுற்றும் வலிமையான செராமிக் காந்தமும் கொண்ட அது, ஆம்ப்ளிபயரை எளிதில் உடைய வைத்தது. 1976-ல் சீமோர் டங்கன் கம்பெனியும் இதே தொழிலில் இறங்கியது. உதிரிப் பாகத்திலிருந்தே ஒரு தனி வியாபாரம் பிறந்தது.

எட்டி வான் ஹேலன் என்ற இளைஞர் இன்னும் ஒரு படி போனார். கழித்துப்போட்ட ரகத்திலிருந்து 50 டாலருக்கு ஒரு கட்டையும் 80 டாலருக்கு ஒரு கழுத்தும் வாங்கி, பழைய கிப்சன் கிடாரின் ஹம்பக்கரைப் பிடுங்கி அதில் பதித்தார். 1978-ல் வந்த அவரது முதல் தட்டு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர் வாசித்தது ஹார்ட் ராக் என்றாலும், அந்த அமைப்பைப் பின்பற்றியே பிற்பாடு மெட்டல் கிடார்கள் ஏராளமாக வந்தன.

பாட்டரி உள்ளதா, இல்லாததா?

மேலே சொன்ன பிக்கப்புகளுக்கு மின்சாரம் தேவையில்லை. இவற்றைப் பாசிவ் என்பார்கள். இன்னொரு வகை ஆக்டிவ். இதில் சுருள் சிறிது; உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிபயர் இருக்கும். அதற்கு 9 வோல்ட் பாட்டரி வேண்டும். இ.எம்.ஜி. கம்பெனியின் 81 என்ற ரகம் இதில் பெயர் பெற்றது. மெட்டாலிக்கா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கிர்க் ஹாமெட்டும் அதைப் பயன்படுத்தியவர்கள். இரைச்சல் மிகக் குறைவு. வேகமாக வெட்டி வெட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக விழும்.

பாசிவ் பிக்கப்பில் விரலின் மென்மையும் வன்மையும் கூடுதலாகத் தெரியும் என்பார்கள். பாண்டெரா குழுவின் டைம்பேக் டாரல் பாசிவ் பிக்கப்பை வைத்துக்கொண்டே மெட்டல் உலகை அதிர வைத்தார். ஆகவே ஒன்று உயர்த்தி, மற்றது தாழ்த்தி அல்ல. ஆக்டிவ் வாங்கினால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: வாசித்து முடித்ததும் கிடாரிலிருந்து ஒயரைப் பிடுங்க வேண்டும். செருகியே வைத்திருந்தால் பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

"அதிக அவுட்புட்" என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்த்தும் மயங்க வேண்டாம். மிளகாய்த் தூளில் காரம் மட்டும் போதாது, மணமும் நிறமும் வேண்டும் அல்லவா? பலம் மிஞ்சினால் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து கூழாகிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

குதிரைக்குப் பக்கத்தில் ஹம்பக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெட்டலில் பெரும்பாலான வேலை அந்தப் பிக்கப்புக்குத்தான்.

குதிரை அசையாத வகையாக இருக்கட்டும். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற ஆடும் குதிரை ஒன்று உண்டு. தேர்ந்தவர் கையில் அது வித்தை காட்டும். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தின் சுருதியும் குலையும். கம்பி மாற்றுவதும் நேரம் பிடிக்கும். பழகுபவருக்கு வேண்டாம்.

கம்பியின் நீளத்தைக் கேளுங்கள். ஃபெண்டர் வழியில் 25.5 அங்குலம், கிப்சன் வழியில் 24.75 அங்குலம். சுருதியை இறக்கி வாசிப்பவருக்கு நீளமானது கம்பியை இறுக்கமாக வைத்திருக்கும். குட்டையானதில் அதற்கேற்பத் தடித்த கம்பி போட வேண்டும். ஏழு கம்பி, எட்டுக் கம்பிக் கிடார்களும் உண்டு. ஆறில் கை பழகிய பிறகு அவற்றைப் பார்க்கலாம்.

கழுத்தைக் கண் மட்டத்தில் பிடித்து வளைவு பாருங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற உலோகக் கட்டைகளின் ஓரத்தை விரலால் தடவுங்கள், கீறக்கூடாது. ஒவ்வொன்றிலும் அழுத்தி வாசிக்கச் சொல்லி, கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். முறுக்காணி நழுவாமல் நிற்க வேண்டும்.

ஆம்ப்ளிபயரில் இணைத்து, டிஸ்டார்ஷனைக் கூட்டி, கம்பியைத் தொடாமல் சிறிது நேரம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில் கேட்கும் இரைச்சலே கிடாரின் உண்மையான எடை. கையிருப்பு முழுவதையும் கிடாரிலேயே போட்டுவிடாமல், ஆம்ப்ளிபயருக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மெட்டல் ஒலியில் பாதிக்கு மேல் அதன் வேலை.

பரணிலிருந்து இறங்கிய கிடார்

இவ்வளவும் தெரிந்த பிறகு நாம் மகனிடம் போய், "எங்கே தவறு, நீயே சொல்" என்று கேட்டோம். வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் பரணிலிருந்து கிடாரை இறக்கித் தூசு தட்டினான். ஒற்றைச் சுருள் இருக்கும் குழியிலேயே பொருந்தும் ஒல்லியான ஹம்பக்கர்கள் விற்கின்றன என்று அவனே சொன்னான். கட்டையை வெட்ட வேண்டியதில்லை. குதிரைப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் மாற்றினோம். தடித்த கம்பி போட்டோம். புதுக் கிடார் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவானது. இப்போது மாலையில் கடை அடைத்து வீடு திரும்பும்போது தெரு முனையிலேயே சத்தம் கேட்கிறது. நமக்கு அந்த இசை இன்னும் பிடிபடவில்லை. ஆனால் தேனீக்கள் இல்லை, அது தெரிகிறது.

வணிகர்களே, பளபளப்பை விற்பது ஒரு நாள் வியாபாரம். "எதற்காக வேண்டும்?" என்று கேட்டு விற்பது தலைமுறை வியாபாரம். அந்தக் கேள்வியைக் கல்லாவில் மட்டுமல்ல, வீட்டிலும் கேட்போம்.