சிரட்டைக்குள் ஒரு கொண்டைக்குருவி

பசறைப் பக்கத்துத் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுகிற நாள். சரக், சரக் என்று கத்திச் சத்தம். சில நேரம் செடிக்குள்ளிருந்து ஒரு கூடு விழும். அதற்குள் மாம்பிஞ்சு அளவில், இறகு முளைக்காத ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

'ஐயோ, தாயில்லாக் குஞ்சு! லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்ப்போம்' என்று உனக்குத் தோன்றும், இல்லையா கண்ணு? உன் மனசு தங்கமான மனசு. சரி, ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூட மணி அடித்தாயிற்று. நீ வாசலில் நிற்கிறாய். அம்மா இன்னும் வரவில்லை. அதனால் நீ தாயில்லாப் பிள்ளையா?

குஞ்சும் அப்படித்தான். தாயும் தகப்பனும் பூச்சி பிடிக்கப் போயிருக்கும். நீ பக்கத்தில் நின்றால் பயந்து கிட்டே வராது. தள்ளிப்போய் ஒளிந்துகொண்டு, ஒரு மணி நேரமாவது பார்.

குஞ்சுக்கு இறகு முளைத்திருக்கிறதா? தத்தித் தத்திப் போகிறதா? அப்படியானால் அது பறக்கப் பழகுகிறது. பட்டம்கூட ரெண்டு தடவை தரையில் இடித்துவிட்டுத்தானே மேலே ஏறும்? பூனை எட்டாத புதரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு.

இறகே இல்லையா? கூட்டிலேயே திரும்ப வை. மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள். அது சரியில்லை. குஞ்சு திறந்த வாயோடு கத்தினால் தாய் வந்துவிடும்.

கூடு பிய்ந்துபோயிருந்தால்? சின்ன வயதில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை எடுத்தேன். மழைத்தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டேன். உள்ளே காய்ந்த புல்லைப் பரப்பிக் குஞ்சை வைத்தேன். வெட்டாத பக்கத்துச் செடியில் சிரட்டையைக் கட்டினேன். வெகு நேரம் கழித்துக் கொண்டைக்குருவி வந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. சிரட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு விளிம்பில் உட்கார்ந்து குனிந்தது. அப்போது அதன் வாலடிச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது!

ஒன்று மட்டும் மறக்காதே. குஞ்சின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதே. மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆபத்து.

தாய் வரவே இல்லை என்றால்? குஞ்சை ஒரு பெட்டியில் கதகதப்பாக வைத்துவிட்டு, பெரியவர்களிடம் சொல்லி 1992-க்கு அழைக்கச் சொல். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம்.

'நாமே வளர்த்தால் என்ன?' நல்ல கேள்வி! குஞ்சு யார் முகத்தைப் பார்த்து வளர்கிறதோ, அவர்களைத்தான் தன் இனம் என்று நினைக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1982-இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. அதன் குஞ்சுகளுக்குத் தீனி கொடுத்தவர்கள் தங்கள் முகத்தைக் காட்டவில்லை. கழுகுத் தலை போன்ற கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். வளர்ந்ததும் காட்டில் விட்டார்கள். புரிகிறதா?

நம் ஊவாவின் எல்லையிலுள்ள உடவளவையில் 1995 முதல் தாயில்லா யானைக்குட்டிகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. பால் கொடுப்பார்கள், ஆனால் செல்லம் கொஞ்சிப் பழக்க மாட்டார்கள். பார்க்க வருபவர்களும் தள்ளித்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் குட்டிகள் காட்டுக்குப் போய்விடும்.

அதுபோல, என் சிரட்டைக் குஞ்சை நானும் கொஞ்சவில்லை, அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சிரட்டை காலி. மேலே நிழல் மரத்தில் மூன்று கொண்டைக்குருவிகள். அதில் ஒன்றுக்கு வால் இன்னும் குட்டை.