ஐந்து லீற்றர் குருதி

குளத்து நீர் மதகைக் கடந்து, வாய்க்காலில் ஓடி, வயலைச் சேருகிறது. பயிர் குடித்தது போக மிகுதி மண்ணில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் போகிறது. மீண்டும் நீர் வேண்டுமானால் மதகைத்தான் திறக்க வேண்டும். நம் உடலில் ஓடும் குருதியும் இவ்வாறே செலவாகிவிடுகிறது என்று மேலைநாட்டு வைத்தியர்கள் 1400 ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தனர். உண்ட உணவிலிருந்து ஈரல் குருதியை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்பது கலென் என்ற பழைய கிரேக்க வைத்தியரின் போதனை.

ஓர் எளிய கணக்கு

இது தவறு என்று காட்டியவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய வைத்தியர். 1628இல் வெளியான தமது நூலில் அவர் ஒரு கணக்கைப் போட்டார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதி எவ்வளவு? அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு? இரண்டையும் பெருக்கியபோது உடலிலுள்ள குருதி முழுவதையும் விடக் கூடிய அளவு வந்தது. அவ்வளவையும் உணவிலிருந்து புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே, ஒரே குருதிதான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்று அவர் முடிவு செய்தார்.

இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அக்கணக்கைச் செய்யலாம். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலீற்றர் வெளியேறுகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 5 லீற்றர். ஒரு நாளைக்கு 7000 லீற்றர். இது 200 லீற்றர் கொள்ளும் பரல்கள் 35ஐ நிரப்பும். ஆனால் உடலில் இருப்பதோ மொத்தம் 5 லீற்றர் அளவுதான்.

சுற்றி வரும் பாதை

இதயம் நம் கைமுட்டி அளவான தசைப் பை. அதன் வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே குருதி காபனீரொட்சைட்டை விட்டு ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் அதை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் நாடிகள். திருப்பிக் கொண்டுவருபவை நாளங்கள். இரண்டையும் இணைப்பவை மயிரினும் மெல்லிய குழாய்கள். ஹார்வி இவற்றைக் காணவில்லை. அவர் இறந்தபின், 1661இல், மல்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலில் நுணுக்குக்காட்டியால் இவற்றைக் கண்டார்.

நாளங்களில் குருதி பின்னோக்கிப் போகாதபடி வால்வுகள் உள்ளன. இதை நீங்களே சோதிக்கலாம். கையைக் கீழே தொங்கவிடுங்கள். முன்னங்கையில் நாளம் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கமாக அதன்மீது ஒரு விரலை அழுத்தி வையுங்கள். மற்றொரு விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, அந்த விரலை எடுங்கள். வழித்த இடம் வெறுமையாகவே இருக்கும். கீழ்விரலை எடுத்ததும் உடனே நிரம்பும்.

நாம் கவனிக்க வேண்டியவை

திறந்துவிட வேறொரு குளம் உடலில் இல்லை. இழந்த குருதியை உடல் மெல்ல மெல்லத்தான் ஈடுசெய்யும். வைத்தியசாலைக்குத் தொலைவில், புதிய காணியைத் துப்புரவாக்கி வாழும் குடும்பங்களுக்கு இவ்வறிவு மிக அவசியம்.

1. வெட்டுக்காயம்: மண்வெட்டியோ கத்தியோ பட்டு இரத்தம் பாய்ந்தால், சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். கோப்பித்தூள், மண், சாம்பல் எதையும் இட வேண்டாம்.

2. பாம்புக்கடி: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது அந்த உறுப்புக்குச் செல்லும் குருதியை நிறுத்தும், உறுப்பே அழுகிப்போகலாம். கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ கூடாது. கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாது. வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடும். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாது தூக்கிச் செல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து வைத்தியசாலையிலேயே உண்டு.

3. வயிற்றோட்டம்: குருதியில் பாதிக்கு மேற்பட்டது நீர்ப்பகுதி. வயிற்றோட்டத்தில் உடல் நீரை இழக்கும்போது குருதியின் அளவும் குறைகிறது. 10 கிலோ நிறையுள்ள குழந்தையிடம் இருப்பது சுமார் 800 மில்லிலீற்றர் மட்டுமே. எனவே முதலாவது தடவையிலிருந்தே ஜீவனியை, பொதியில் சொல்லப்பட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்தால் தாமதியாது கொண்டுசெல்லுங்கள்.

4. கொழுக்கிப்புழு: இது கண்ணுக்குத் தெரியாத கசிவு. வெறுங்காலோடு நடக்கையில் மண்ணிலிருந்து உடலில் புகுந்து, குடலில் ஒட்டி நாள்தோறும் குருதியைக் குடிக்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய இமை ஆகியன குருதிச்சோகையின் அடையாளங்கள். மலசலகூடமும் செருப்பும் இதைத் தடுக்கும். கர்ப்பிணித் தாய்மார் சிகிச்சை நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாது எடுக்க வேண்டும்.

அவசரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். அந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். வண்டி வரும்வரை காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியவர்கள் அருகிலிருக்கும் நாமே.