மூடுபனித் திராட்சை

இத்தாலியின் வடமேற்கே, ஆல்ப்ஸ் மலையடியில் பியட்மாண்ட் என்றொரு பிரதேசம். அறுவடைக் காலத்தில் அங்குள்ள குன்றுகளைப் பனிமூட்டம் போர்த்திக்கொள்ளும். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் 'நெபியா' என்று பெயர். அப்போது பழுக்கும் கறுப்புத் திராட்சைக்கு 'நெபியோலோ' என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள்.

அதிலிருந்து பிறப்பதுதான் பரோலோ மது. 38 மாதம் பக்குவப்பட்ட பிறகே விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்! 1980-ல் நாட்டின் மிக உயர்ந்த தரப்பிரிவு அதற்குக் கிடைத்தது. பரிசோதனையும், சுவைத்துப் பார்க்கும் குழுவின் சம்மதமும் இல்லாமல் புட்டியின் கழுத்தில் எண்ணிட்ட முத்திரைச் சீட்டு ஏறாது.

எதற்கு இத்தனை கெடுபிடி என்கிறீர்களா? 1986-ல் வட இத்தாலியில் சில பேராசைக்காரர்கள், சாராயச் சத்தைக் கூட்டிக் காட்ட மலிவு மதுவில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; சிலர் பார்வை இழந்தார்கள்.

அந்தத் துண்டுச் சீட்டின் அருமை அப்போது புரிந்தது!