படிகம் ஒண்ணுதான்... வெட்டும் திசை மாறினால் மின்சாரம் ஏன் மாறுது?

பெரம்பலூர் சின்ன வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வட்ட வட்டமாக வளையம் வரும். நெடுக்கே நறுக்கினால் நீளக் கீற்று. வெங்காயம் ஒண்ணுதான், கத்தி போகிற திசைதான் வேறு. படிகங்களும் இப்படித்தான். ஆனால், அங்கே மாறுவது தோற்றம் மட்டுமில்லை, எலெக்ட்ரான் ஓடும் விதமும்தான்.

ஆக்சைடில் மின்சாரமா?

பக்கத்து மாவட்டமான அரியலூரின் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது கால்சியம் ஆக்சைடு. அதில் மின்சாரம் பாயாது. பல ஆக்சைடுகளும் அதே ரகம்தான். ஆனால் 2004-ல் ஓர் ஆச்சரியம் நடந்தது. மின்சாரம் கடத்தாத ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மீது, அதேபோல் கடத்தாத லாந்தனம் அலுமினேட்டை மெல்லிய படலமாக வளர்த்தார்கள் ஓடோமோ, ஹுவாங் என்ற இரு விஞ்ஞானிகள். இரண்டும் ஒட்டும் இடத்தில் மட்டும் மின்சாரம் பாய்ந்தது!

சதுரமா, முக்கோணமா?

அடுத்து கவனம் பெற்றது பொட்டாசியம் டேண்டலேட். இதன் அணுக்கள் கனசதுரமாக அடுக்கப்பட்டவை. பக்கத்துக்கு இணையாக வெட்டினால், மேற்பரப்பில் அணுக்கள் சதுரமாக நிற்கும், பெயர் 001. விளிம்பைச் சீவினால் செவ்வகம், அது 110. மூலையைச் சீவினால் முக்கோணம், அது 111.

2021-ல் வெளியான ஆய்வுகளில், 111 முகத்தின் மேல் வேறோர் ஆக்சைடு படலம் வளர்த்து, சுமார் 2.2 கெல்வினுக்கு (மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தபோது மின்தடை பூஜ்ஜியமானது. இதுதான் மீகடத்தல். 110-ல் இது சுமார் 0.9 கெல்வினில் நடந்தது. 001-ல் 0.025 கெல்வின் வரை போயும் நடக்கவே இல்லை.

என்ன காரணம்?

அணுவைச் சுற்றி எலெக்ட்ரான் பூவிதழ்கள் போலச் சில திசைகளில் பரவியிருக்கும். பக்கத்து அணுவின் இதழோடு சேர்ந்தால்தான் அது எளிதாகத் தாவும். சதுர முகத்தில் ஒரு வகை இதழுக்கு மட்டும் தனி இடம். முக்கோண முகத்திலோ மூன்று வகை இதழ்களும் சமம். இந்தச் சமநிலைதான் மீகடத்தலுக்குக் கைகொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை.

நமக்கு என்ன?

போனில் உள்ள சிலிக்கான் சிப்புகளும் பொதுவாக 100 முகத்தில் வெட்டிய தகட்டில்தான் செய்யப்படுகின்றன. எலெக்ட்ரான் அதில்தான் வேகமாக ஓடும். ஆக்சைடுகளுக்கான ஆராய்ச்சி மொஹாலி, பெங்களூரு ஆய்வகங்களிலும் நடக்கிறது. புதுப் பொருளைத் தேடி அலைவதற்கு முன், கையில் இருப்பதை வேறு பக்கம் நறுக்கிப் பார்ப்பதும் ஒரு வழி!