"குடிச்சா எங்க போக?": உப்பளமும் சிறுநீரகமும்

போன எபிசோடுல வெயில் நோய்களைப் பத்திப் பேசினதைக் கேட்டுட்டு ஒரு நேயர் அனுப்பின கேள்வி இது: "உப்பளத்துல வேலை பாக்குறவங்க தண்ணிய நல்லாக் குடிச்சாப் போதாதா? இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" நியாயமான கேள்விதான். பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

எங்க முத்தையாபுரம், பக்கத்துல முள்ளக்காடு, இந்தப் பக்கமெல்லாம் உப்பளம்தான். தை, மாசியில தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் சீசன். பாத்தியில் உப்பை வாரி ஒதுக்குவது ஒரு வேலை. அதைப் பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து, தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது இன்னொரு வேலை. சுமக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே அந்த வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளை உப்பு.

இந்தச் சூட்டை அளக்க டிவியில் சொல்லும் வெப்பநிலை போதாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுக்கு டபிள்யூ.பி.ஜி.டி. என்று பெயர். மூன்று வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், மூன்றாவது சாதாரணமானது. வெயிலில் கணக்குப் போடும்போது ஈரத்துணிக்கு 70 சதவீதம், உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. ஈரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கிறதால் வேர்வை வழியும், காயாது. அதனாலதான் மதுரையைவிட நம்ம ஊர்ல வெப்பநிலை குறைவாக இருக்கிற நாளில்கூட உடம்பு அதிகமாகப் பாடுபடலாம். வெயிலுக்குப் பழகின உடம்புக்கே, நடுத்தரமான வேலையைத் தொடர்ந்து செய்ய சர்வதேச வழிகாட்டிகள் வைக்கிற எல்லை இந்த அளவில் சுமார் 28 டிகிரி. சுமை தூக்கும் வேலைக்கு அதைவிடக் குறைவு.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் இதை அளந்தது. ஏறத்தாழ 90 சதவீதம் பேர் வேலை செய்தது அந்த எல்லையைத் தாண்டின சூட்டில். ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தாங்க. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் குறைவு.

இந்த 7-ஐ அப்படியே "சிறுநீரக நோயாளிகள்"னு படிக்கக் கூடாது. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்பாங்க. ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தம் அதைச் சொல்லாது. கடுமையாக உழைத்த நாளில் கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறவும் செய்யும். ஆனா அதுக்காக இதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். கடின உழைப்பில் தசை சிதைந்து வரும் கழிவும் அதே வடிகட்டிக்குத்தான் வரும். ஒருநாள் அடி ஆறிடும். சீசன் முழுக்க, வருஷா வருஷம் விழுந்தா? எல் சால்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களுக்கே சிறுநீரகம் கெட்டுப்போனது. அங்கே வெப்பமும் நீரிழப்பும் முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுது. நிகராகுவாவில் ஒரு ஆலை ஓய்வையும் நிழலையும் தண்ணீரையும் கூட்டினபோது, கரும்பு வெட்டுறவங்களிடம் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

இப்போ நேயர் சொன்ன தண்ணீருக்கு வருவோம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்றது, சூட்டில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவு. ஆறு மணி நேர வேலைக்கு நாலு லிட்டருக்கு மேல. எங்க தெரு அக்கா ஒருத்தங்ககிட்ட இதைச் சொன்னேன். "குடிச்சா எங்க போக?"ன்னாங்க. கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி, மறைவுக்கு ஒரு சுவர் இல்லை. அதனால காலையில ஒரு வாய் டீ, அப்புறம் வீடு வரும்வரை தொண்டையை நனைக்கிறதோடு சரி. தாகத்தோடு சிறுநீரை அடக்குவதும் சேர்ந்தா நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று. இவங்களுக்குத் தண்ணீர் பத்தித் தெரியாமல் இல்லை.

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் ஒன்று இருக்கு. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என நாலு பகுதி. தூக்கம், வலி, பணம், வீடு, மருத்துவ வசதி, போக்குவரத்து எல்லாம் கேட்கும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா என்ற கேள்வி கிடையாது. "உங்கள் சுற்றுப்புறம் எவ்வளவு ஆரோக்கியமானது" என்பதற்கு ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லணும். அந்த அக்காவின் காலைப் பொழுது அந்த எண்ணுக்குள்ள காணாமப் போயிடும். பொதுப் படிவத்தோடு அந்தத் தொழிலுக்கான கேள்விகளையும் சேர்க்கணும்னு நான் நினைக்கிறது இதனாலதான்.

சட்டம் பக்கம் ஒரு ஆச்சரியம். வெட்டவெளி உப்பளம் எப்படித் தொழிற்சாலை ஆகும்னு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. ஆகும்னு 1961-ல் தீர்ப்பு. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-வது பிரிவு குடிநீர், 19-வது பிரிவு கழிப்பறை. ஆனா மின்சாரம் இருந்தா 10 பேர், இல்லாட்டி 20 பேர்னு அந்தச் சட்டத்தில் ஒரு குறைந்தபட்சக் கணக்கு இருந்தது. ஆட்களைச் சின்னச் சின்னக் குழுவாகக் காட்டினால் அதிலிருந்து நழுவ முடிந்தது.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். கிரியாட்டினின் பார்க்கிறது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். வெயில் காலத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் வேலை நின்று உடம்பு ஓய்ந்த பிறகு ஒருமுறை பாருங்க. ரெண்டாவது முறையும் குறைவாகவே இருந்தா டாக்டரைக் கேளுங்க. இடையில மூட்டுவலிக்குக் கடையில் வாங்குற வலி மாத்திரைகள்லயும் கவனம், நீர் வற்றின உடம்புல அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். உப்பு வெளிச்சத்தால கண்ணுக்கு வர்ற பிரச்சினையை அடுத்த எபிசோடுல பார்ப்போம்.