முத்து நதிக்கரையில் ஒரு வாரம்

பெற்றால்தான் பிள்ளையா என்று நம் ஊர்ப் பெரியோர் கேட்பதுண்டு. வளர்த்த பாசம் பெற்ற பாசத்துக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே அக்கேள்வியின் உட்பொருள். பெற்றோர் பக்கத்துக்கு இஃது பொருந்தும். குழந்தையின் பக்கம் என்ன? முன்பின் கண்டறியாத இருவரை ஒரு குழந்தை எப்பொழுது தன் தாய் தந்தையராக ஏற்றுக்கொள்கிறது? பத்திரத்திலே முத்திரை பதியும் அந்த நாளிலேயா? அதற்கு விடை காணத் தென்சீனத்துக் குவாங்சோ நகரை நோக்குவோம். நம் முந்தைய தலைமுறையினர் பூமிசாத்திரப் புத்தகத்திலே கன்ரன் என்று படித்த நகரம் இதுவே.

சீனாவின் சுவீகாரச் சட்டம் 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில், நெருங்கிய உறவினர்க்கன்றி வேறு வெளிநாட்டினர்க்குப் பிள்ளை கொடுப்பதில்லை என அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் 1,50,000க்கு மேற்பட்ட குழந்தைகள் கடல் கடந்து சென்றனர். அவர்களுள் 80,000க்கு மேற்பட்டோர் அமெரிக்கா சேர்ந்தனர். ஒரு குடும்பத்துக்கு ஒரே பிள்ளை என்ற விதி 1980 முதல் 2015 வரை நிலவியமையும், ஆண் மகவின்மேல் கிராமத்தவர் கொண்டிருந்த பற்றும் இதற்குப் பெருங் காரணங்களாகும். ஆகவே தொடக்க ஆண்டுகளிற் சென்றவர்களிற் பெரும்பாலோர் பெண் குழந்தைகளே.

காத்திருக்கும் நாட்கள்

அமெரிக்கப் பெற்றோர் முதலிலே மாகாணத் தலைநகருக்குச் சென்று, அரசாங்கக் காரியாலயத்திலே குழந்தையைக் கையேற்றனர். அதன்பின் எந்த மாகாணத்துக் குழந்தையாயினும் குவாங்சோவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. சுவீகாரக் குழந்தைகளுக்கு நுழைவு அனுமதி வழங்கிய அமெரிக்கத் துணைத் தூதரகம் அங்கேதான் இருந்தது. வைத்தியப் பரிசோதனை, விண்ணப்பம், நேர்முகம் என்று நாட்கள் கழிந்தன. இவ்வாறு, காகிதங்களுக்காகக் காத்திருந்த வேளைதான் அக்குடும்பங்களின் முதல் உல்லாசப் பயணமாக அமைந்தது.

அவர்கள் பெரும்பாலும் தங்கியது முத்து நதியிலுள்ள ஷாமியன் என்னும் சிறு தீவிலே. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் முன்னொரு காலத்தில் குடியேறியிருந்த இடம் அது. ஆலமர நிழல் படர்ந்த அமைதியான வீதிகளும் பழைய ஐரோப்பிய மாளிகைகளும் அங்கே இன்றும் காணப்படுகின்றன. 1983இல் திறக்கப்பட்ட வெள்ளை அன்னம் என்னும் ஹோட்டல் அத்தீவின் கரையிலே நிற்கிறது. அதன் கூடத்துக்குள்ளேயே ஓர் அருவி வீழ்கிறது. அங்குள்ள சிவப்பு நிற இருக்கையிலே குழந்தைகளை வரிசையாக அமர்த்திப் படம் பிடிப்பது அக்குடும்பங்களிடையே ஒரு சம்பிரதாயமாயிற்று. அங்கே தங்கியவர்களுக்கு, சீனக் குழந்தையைக் கையிலேந்திய பார்பி பொம்மையும் பரிசாகக் கிடைத்தது. அயலிலுள்ள கடைகளிலே, நடக்கும்போது கீச்சிடும் சின்னஞ்சிறு சப்பாத்துக்கள் விற்கப்பட்டன.

சற்றுத் தொலைவு சென்றோர் ஆறு ஆலமரக் கோயிலுக்குப் போய், பௌத்த பிக்குகளிடம் குழந்தைக்கு ஆசி பெற்றனர். யுவெசியு பூங்காவிலே ஐந்து ஆடுகளின் சிலையைக் கண்டனர். பஞ்சகாலத்திலே ஐந்து தேவர்கள் ஆடுகளின்மீது நெற்கதிர் கொணர்ந்து அந்நகரின் பசி தீர்த்தனர் என்பது ஐதிகம்.

குழந்தையின் உள்ளம்

பெற்றோருக்கோ இது பல்லாண்டு தவமிருந்து பெற்ற திருநாள். குழந்தைக்கோ அறிந்த அனைத்தையும் இழந்த நாள். நேற்று வரை ஊட்டிய ஆயாவின் முகம் இல்லை. கேட்டுப் பழகிய பேச்சு இல்லை. உணவின் சுவையும் படுக்கையின் வாசனையும்கூட மாறிவிட்டன. சில குழந்தைகள் இரவெல்லாம் அழும். சில தாயை மட்டும் பற்றிக்கொண்டு தந்தையைக் கண்டால் வீறிடும். வேறு சில பேசாமல், அசையாமல், கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமலும் விடாமலும் கையிலே இறுகப் பற்றியிருக்கும். "எவ்வளவு சாதுவான பிள்ளை!" என்று பார்த்தவர் புகழ்வர். அந்த மௌனம் பெரும்பாலும் சாதுத்தன்மையன்று, துக்கமே.

ஆதலால், அநுபவமுள்ளோர் புதிய பெற்றோருக்குக் கூறும் புத்திமதி எளியது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிச் செல்லுங்கள். ஊட்டுவதும் உறங்க வைப்பதும் உங்கள் கைகளாகவே இருக்கட்டும். பிறர் ஆசையோடு கேட்டாலும் கைமாற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். கோபுரம் காணாமற் போனாலும் குற்றமில்லை, குழந்தையின் நித்திரை கெடக்கூடாது. அழுதால் அதட்டாதீர்கள், அழுகை தீருமட்டும் அருகில் இருங்கள். ஆலமர நிழலிலே பத்துமுறை நடந்த அதே பாதையிற் பதினோராம் முறை நடக்கையில், களைத்த குழந்தை தானாகவே கைகளை நீட்டித் தூக்கச் சொல்லும். முத்திரை பதித்த நாளினும் அதுவே மேலான நாள்.

நாளைக்கு வேண்டியவை

அக்குழந்தை வளர்ந்து ஒருநாள், "நான் எங்கே பிறந்தேன்? என்னை ஏன் விட்டார்கள்?" என்று கேட்கும். பிள்ளையைக் கைவிடுதல் சட்டவிரோதமாகையால், பெற்றவர் பெயர் முகவரி எதனையும் விட்டுச் செல்வதில்லை. விரைவில் எவரேனும் காணட்டும் என்று சனநடமாட்டமுள்ள வாயிலிலோ சந்தையிலோ வைத்துச் செல்வர். விவேகமுள்ள பெற்றோர் அந்த இடத்துக்கும் சென்று படம் எடுத்தனர். இல்லத்தில் உடுத்தியிருந்த சட்டையைப் பத்திரப்படுத்தினர். சீனப் பெயரையும் உடன் வைத்தனர். எல்லாப் பத்திரங்களும் மெய்யென நம்புவதற்குமில்லை. ஹூனான் மாகாணத்திலே சில இல்லங்கள் குழந்தைகளை விலைக்கு வாங்கிய செய்தி 2005இல் அம்பலமாயிற்று.

இலங்கைக்கும் இது புறம்பான கதையன்று. 1980களிலே ஆயிரக்கணக்கான குழந்தைகள் நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றனர். இன்று நடுத்தர வயதை எட்டிய அவர்களிற் பலர் தாயைத் தேடி இங்கே வருகின்றனர். பத்திரத்திலே கண்ட தாயின் பெயர் பொய்யென அறிந்து கலங்கியோரும் உளர்.

வெளிநாடு செல்லாமல், சொந்த ஊரிலேயே சுவீகாரம் கொள்ளும் நம் குடும்பங்களுக்கும் இதிலே பாடமுண்டு. பிறப்பை மறைத்து வளர்ப்பதே பாசம் என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். பின்னொருநாள் அயலார் வாயால் உண்மையறியும் பிள்ளையின் மனம் எவ்வளவு புண்படும்! வந்த நாளின் படத்தையும் சட்டையையும் சேமித்து, உரிய பருவத்திலே நாமே பரிவோடு எடுத்துக் கூறுவோமாக. வேரை அறிந்த பிள்ளை, தன்னை வளர்த்த வீட்டையும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும்.